ஆறு தந்த காசும் மலை தந்த எழுத்தும்: உரோமக் காசுகளைத் தூய்மை செய்து இனங்காணும் முறை

கரூரை அடுத்த புகழூரில் ஆறுநாட்டார் மலை என்னும் சிறு குன்று உள்ளது. அதன் உச்சியில் இன்று முருகப் பெருமான் கோயில் விளங்குகிறது. குன்றிலுள்ள இயற்கைக் குகைத்தளங்களில் அமண முனிவர்கள் தங்கி நோற்பதற்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளும், அவற்றை அளித்தோரைக் குறிக்கும் தமிழிக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் மூத்த அமணருக்கு, சேர மரபைச் சேர்ந்த இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது கல் அறுத்துக் கொடுக்கப்பட்ட செய்தியை அவற்றுள் ஒன்று கூறுகிறது. மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வதால் தமிழக வரலாற்றின் காலக்கணக்குக்கே அது ஊன்றுகோலாக விளங்குகிறது. அதே மலையில் மற்றொரு படுக்கையை அளித்தவன் அரசனல்லன். கருவூரைச் சேர்ந்த பொன் வாணிகன் நத்தி என்பவன்.

அந்தப் பொன் வாணிகனின் ஊரை ஒட்டி அமராவதி ஆறு ஓடுகிறது. ஆன்பொருநை என்று பழந்தமிழர் அழைத்த ஆறு அதுவே. அதன் மணற்படுகையில் சேரர் காசுகளோடு உரோமப் பேரரசின் காசுகளும் பல ஆண்டுகளாகக் கிடைத்து வருகின்றன. மணலைச் சலிப்பவர் கையில் அவை காசாகத் தெரிவதில்லை. பச்சையும் கருமையும் கலந்த சிறு கட்டியாக, மண்ணும் கல்லும் ஒட்டிய வில்லையாகவே தெரிகின்றன. அக்கட்டி பழைய இரும்புக் கடைக்குச் சென்றால் உருக்கப்படுகிறது. ஆர்வமுள்ளவர் வீட்டுக்குச் சென்றால் பெரும்பாலும் புளியில் ஊறுகிறது. மறுநாள் அது பளபளவென்று மின்னும். ஆனால் அதில் மன்னனின் முகமும் இராது, எழுத்தும் இராது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மண் காத்த சான்று ஓரிரவில் அழிந்துபோகும்.

மலையில் உள்ள எழுத்தும் ஆற்றில் கிடைக்கும் காசும் ஒரே வணிக உலகத்தின் இரு சான்றுகள். எழுத்தைப் படிக்கக் கற்றவர் பலர். காசைச் சிதைக்காமல் தூய்மை செய்து, அது யாருடையது என்று அறியக் கற்றவர் சிலரே. தொடக்க நிலையில் உள்ளோரும் கற்றுக்கொள்ளக்கூடிய அக்கலையின் அடிப்படைகளையும், அதைக் கற்பதால் நம் வரலாற்றுக்கு விளையும் பயனையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

உரோமக் காசுகள் இங்கு வந்த வழி

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து பருவக்காற்றைப் பயன்படுத்திக் கப்பல்கள் முசிறிக்கு வந்தன. மிளகும் முத்தும் மணிக்கற்களும் மெல்லிய துணிகளும் இங்கிருந்து சென்றன. ஈடாகப் பொன்னும் வெள்ளியும் வந்தன. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் அளவுக்கு உரோமின் செல்வத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று பிளினி தமது இயற்கை வரலாற்று நூலில் குறைபட்டுக்கொண்டார். முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டைக் கடந்து கருவூர் சென்ற பெருவழியை ஒட்டியே உரோமக் காசுப் புதையல்கள் பல கிடைத்திருக்கின்றன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் இரு பேரரசர்கள் வெளியிட்டவை.

புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டவற்றில், பேரரசனின் தலைமீது உளியால் ஒரு வெட்டு இடப்பட்டுள்ளது. காசைச் செலாவணியிலிருந்து விலக்கிப் பொன்னாக மட்டும் கொள்வதற்கு இட்ட குறி அது என்று அறிஞர் பலர் கருதுவர். அக்காசுகளைத் தேய்த்து மெருகிட்டிருந்தால் அவ்வெட்டுகளின் விளிம்பும் மழுங்கியிருக்கும். வெட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்கே இடமின்றிப் போயிருக்கும். காசின் மீதுள்ள காயமும் ஒரு சான்று என்பதைத் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளவேண்டும்.

கி.பி. 64ஆம் ஆண்டளவில் நீரோ மன்னன் பொற்காசின் எடையைக் குறைத்தான். வெள்ளிக்காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதன் பின் வெளிவந்த வெள்ளிக்காசுகள் தமிழகத்தில் மிக அரிதாகவே கிடைக்கின்றன. நம் வணிகர் காசை முகம் பார்த்து வாங்கவில்லை, மாற்றும் எடையும் பார்த்தே வாங்கினர் என்பது இதனால் புலனாகிறது. நத்தியைப் போன்ற பொன் வாணிகரின் தொழில் அறிவு அத்தகையது.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வேறொரு வகைக் காசு வந்தது. அது மிகச் சிறிய செப்புக்காசு. கரூர், மதுரை, இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளம் ஆகிய இடங்களிலும் இலங்கையிலும் இவை மிகுதியாகக் கிடைக்கின்றன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கரூரிலும் மதுரையிலும் கிடைத்த இவ்வகைக் காசுகளைத் திரட்டி 1994ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். ஆற்றில் கிடைக்கும் பச்சைக் கட்டிகளுள் உரோம நாட்டவை பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவையே.

முகம் எங்கே இருக்கிறது?

தூய்மை செய்யத் தொடங்குமுன் ஓர் உண்மையை அறிந்துகொள்ளவேண்டும். பொன் மண்ணில் கெடுவதில்லை. அதன்மேல் ஒட்டிய மண்ணை நீக்கினாலே போதும். வெள்ளி கறுக்கும், உப்புள்ள மண்ணில் அதன் மேற்பரப்பு மென்மையான சாம்பல்நிறப் பொருளாக மாறும். செம்பின் நிலை வேறு. மண்ணிலுள்ள ஈரமும் காற்றும் உப்பும் செம்பை மெல்ல மாற்றுகின்றன. உலோகத்தை ஒட்டிச் செந்நிறப் படலமும், அதற்கு மேல் பச்சைக் களிம்பும் உருவாகின்றன. அதற்கும் மேலாக மண்ணும் மணலும் சுண்ணமும் படிந்து இறுகுகின்றன.

காசு அச்சிடப்பட்டபோது இருந்த மேற்பரப்பு, பல வேளைகளில், இன்று எஞ்சியிருக்கும் உலோகத்தில் இல்லை. உலோகம் களிம்பாக மாறியபோது முகமும் எழுத்தும் அக்களிம்பிலேயே பதிந்து நின்றுவிட்டன. ஆகவே, களிம்பு முழுவதையும் அமிலத்தால் கரைத்தால் அதனுள் இருக்கும் முகமும் கரைந்துவிடும். எஞ்சுவது குழிவிழுந்த செப்புத் தகடு மட்டுமே. புளி, எலுமிச்சை, வினிகர், கழிவறை தூய்மை செய்யும் அமிலம் ஆகியவை காசுக்குப் பகையாவது இக்காரணத்தால்தான். உயிரும் வினையும் பொன்னும் கல்லும்போலத் தொன்றுதொட்டுக் கலந்துள்ளன என்று நம் ஆகமங்கள் உவமை கூறும். அங்கே கல்லை முற்றும் நீக்குவதே குறிக்கோள். காசிலோ மேலே ஒட்டிய மண்ணை மட்டும் நீக்கி, உறுதியான களிம்பைக் காத்தல் வேண்டும். நீக்கத்தக்கது எது, காக்கத்தக்கது எது என்று பிரித்தறிவதே இக்கலையின் முதற்பாடம்.

தூய்மை செய்யும் முறை

தொடக்க நிலையில் உள்ளோர் தொல்பொருளில் கைவைத்துப் பழகுதல் தகாது. வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் தேய்ந்த காலணா, அரையணாக் காசுகளைக் கொண்டு முதலில் பழகுவதே முறை. கை பக்குவப்பட்ட பின்னும், ஒரே ஒரு காசு மட்டும் கிடைத்திருந்தால், அல்லது அது பொன்னாகவோ வெள்ளியாகவோ இருந்தால், வல்லுநரிடம் காட்டுவதே நன்று.

முதற்பணி பதிவு செய்தல். காசு எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்பதை எழுதவேண்டும். இரு பக்கங்களையும் ஒளிப்படம் எடுத்து, எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும். துணியின் இழைகளோ பையின் தடமோ மேற்பூச்சில் ஒட்டியிருக்கக்கூடும். அவை காசு முடிந்து வைக்கப்பட்ட முறையைச் சொல்லும். கழுவிய பின் அவை மீளா.

இரண்டாவது, ஊறவைத்தல். மின்கலத்துக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் காசை இடவேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. அவற்றிலுள்ள உப்பு செம்பை அரிக்கும். நாள்தோறும் நீரை மாற்றவேண்டும். இறுகிய மண் சில நாட்களில் இளகும். சிலவற்றுக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். ஐரோப்பிய நாடுகளில் சேகரிப்போர் சிலர் ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பதுண்டு. எண்ணெயிலும் மெல்லிய அமிலம் உள்ளது. அது களிம்பின் நிறத்தை மாற்றுவதோடு, பின்னர் முழுதும் நீக்குவதற்கு அரிது. ஆதலால் நீரே முதல்வழி.

மூன்றாவது, மண்ணை எடுத்தல். ஊறிய காசை மென்மையான நைலான் தூரிகையால் தடவவேண்டும். பன்றி மயிராலான தூரிகைகளை இப்பணிக்குப் பயன்படுத்துவோர் உண்டு. நம் அறத்துக்கு ஒவ்வாத அவை இன்றியமையாதவையும் அல்ல. எழுத்துகளின் இடுக்கில் உள்ள மண்ணை மூங்கிற் குச்சியின் கூர்முனையால், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், துகள் துகளாக எடுக்கவேண்டும். ஊசியும் கத்தியும் பழகிய கைகளுக்கே உரியன. கம்பித் தூரிகையும் மணல்தாளும் எவர் கைக்கும் உரியன அல்ல. செந்நிறம் தலைகாட்டினால் உடனே நிறுத்தவேண்டும். காசின் உண்மையான மேற்பரப்பைக் கடந்துவிட்டோம் என்பதற்கு அது எச்சரிக்கை.

நான்காவது, உலர்த்தலும் காத்தலும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் நன்கு உலரவிடவேண்டும். பி.வி.சி. நெகிழி உறைகளில் இடலாகாது. அவை நாளடைவில் காசை அரிக்கும் ஆவியை வெளியிடும். அமிலமற்ற தாளுறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு, மூடிய பெட்டியில் வைத்தல் நன்று.

இங்கே ஒரு நோயையும் அறிந்துகொள்ளவேண்டும். உறுதியான களிம்பு கடினமாகவும் ஒரே சீராகவும் இருக்கும். சில காசுகளிலோ வெளிர்பச்சை நிறத்தில், மாவு போன்ற புள்ளிகள் தோன்றும். தொட்டால் உதிரும். செம்புக்குள் தங்கிய குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தொடர்ந்து தின்னும் நிலை அது. வெண்கல நோய் என்று இதனை அழைப்பர். அத்தகைய காசைப் பிறவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, அருங்காட்சியக வேதியியலாரிடம் சேர்ப்பிக்கவேண்டும். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இத்தகைய பணிக்கென 1930ஆம் ஆண்டிலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன் நோயுற்ற செப்புத் திருமேனிகளைக் காத்தவர். சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் ஓவியங்கள் எவ்வாறு தீட்டப்பட்டன என்பதை வேதியியல் முறையில் ஆராய்ந்தவரும் அவரே. பழம்பொருளை மெருகிடுவதற்கும் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அத்தகையோர் பணி தெளிவாக்குகிறது.

இனங்காணும் முறை

மண் நீங்கிய காசை நேர் ஒளியில் பார்த்தல் பயன் தராது. காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் வைத்து மெல்லத் திருப்பவேண்டும். தேய்ந்த எழுத்தின் விளிம்பு ஒரு கோணத்தில் நிழல் கொடுத்துத் தன்னைக் காட்டும். மங்கிய கல்வெட்டைப் படிப்போரும் இம்முறையையே கையாள்வர்.

முதலில் உலோகமும் எடையும். அகஸ்டஸ் காலத்துப் பொற்காசு ஏறத்தாழ 7.8 கிராம், வெள்ளிக்காசு ஏறத்தாழ 3.8 கிராம். நான்காம் நூற்றாண்டின் இறுதிக் காலத்துச் சிறு செப்புக்காசு ஏறத்தாழ 1 கிராம் எடையும், ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்த விட்டமும் கொண்டது.

அடுத்து, தலை. இலைமாலை சூடிய தலை பெரும்பாலும் முதல் மூன்று நூற்றாண்டுகளைக் குறிக்கும். கதிர்கள் கூர்கூராக எழும் முடி மூன்றாம் நூற்றாண்டுக் காசுகளில் மிகுதி. முத்துகள் கோத்த தலைப்பட்டம், கான்ஸ்டண்டைன் காலத்தில் தோன்றி அதன்பின் வழக்கமானது. எழுத்து ஒன்றுமே தெரியாத காசிலும் தலையணி ஒன்றைக் கொண்டே காலத்தை ஓரளவு வரையறுக்கலாம்.

பின்னர், எழுத்து. அது பொதுவாகக் காசின் இடப்புற அடியில் தொடங்கி வலஞ்சுழியாகச் செல்லும். இலத்தீன் மொழியில் 'யு' என்னும் ஒலிக்கு 'வி' வடிவமே எழுதப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். 'டி-என்' என்று தொடங்கினால் 'எம் தலைவர்' என்று பொருள். அது பிற்காலக் காசு. 'ஏ-வி-ஜி' என்பது அகஸ்டஸ் என்னும் பட்டத்தின் சுருக்கம். எல்லாப் பேரரசர்க்கும் அது பொது. அதனைக் கண்டவுடன் முதல் அகஸ்டஸின் காசு என்று மகிழ்வது தொடக்கத்தில் உள்ளோர் செய்யும் பிழைகளுள் தலையாயது. 'டி-ஆர்-பி' என்னும் எழுத்துகளை அடுத்து எண் இருந்தால் காசின் ஆண்டையே கணக்கிடலாம். மக்கள் காவலர் என்னும் அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு எண்ணப்பட்டதே அதற்குக் காரணம்.

பின்பு, மறுபக்கம். தமிழகத்துப் புதையல்களில் மிகுதியாக வரும் அகஸ்டஸின் வெள்ளிக்காசில், அவர் தம் மக்களாக ஏற்ற கையஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்பர். திபேரியஸின் காசில் ஒரு பெண் இருக்கையில் அமர்ந்து, கையில் கிளை ஏந்தியிருப்பாள். செப்புக்காசுகளில், வீழ்ந்த குதிரைவீரனை ஒரு போர்வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது. சிறகுடைய வெற்றித் தெய்வம் தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்து, சிறைப்பட்டவனை இழுத்துச் செல்லும் காட்சி அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதிக்கு உரியது. தியோடோசியஸ், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் ஆகியோர் காசுகளில் அதனைக் காணலாம். இந்த ஒரே காட்சி மூவர் காசிலும் வருவதால், மறுபக்கம் மட்டும் கண்டு மன்னனைச் சொல்ல இயலாது. முன்பக்கத்து முகம் மட்டும் கண்டும் சொல்ல இயலாது. பிற்காலக் காசுகளில் எல்லா முகங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். இரு பக்கமும் சேர்ந்தே உண்மை. ஒரு பக்கம் கண்டு முழுமையைத் துணியலாகாது என்னும் அனேகாந்த நெறி காசுக்கும் பொருந்துவதை இங்கே காணலாம்.

மறுபக்கத்தின் அடியில், ஒரு கோட்டுக்குக் கீழே சிறு எழுத்துகள் இருந்தால் அவை அக்கசாலையின் குறி. 'ஏ-என்-டி' என்றால் அந்தியோக்கியா. 'ஏ-எல்-இ' என்றால் அலெக்சாந்திரியா. 'சி-ஓ-என்' என்று தொடங்கினால் பெரும்பாலும் கான்ஸ்டாண்டிநோபிள். கரூர் மணலில் கிடைத்த காசு எந்த நகரத்தில் பிறந்தது என்பதை மூன்று எழுத்துகள் சொல்லிவிடும். அவ்விடத்தில் படிந்த மண்ணை அவசரப்பட்டுச் சுரண்டுவோர் அந்நகரத்தின் பெயரையே சுரண்டிவிடுகின்றனர்.

எழுத்து எழுத்தாகவே இல்லாமல் கோடுகளாக மட்டும் இருப்பின் வருந்தவேண்டியதில்லை. உரோமக் காசைப் பார்த்து நம் நாட்டிலும் இலங்கையிலும் அடித்த போலச் செய்த காசுகள் உண்டு. அவற்றைச் செய்தவர்க்கு இலத்தீன் தெரியாது. அத்தகைய காசு உள்ளூர்ச் சந்தையின் தேவைக்குச் சான்றாதலால், தன்னளவில் மதிப்புடையதே. கரூரில் கிடைத்த மாக்கோதை என்னும் சேர மன்னனின் வெள்ளிக்காசில், உரோமப் பேரரசர் காசின் சாயலில் தலை உருவமும், அதன் மேல் தமிழி எழுத்தில் மன்னன் பெயரும் உள்ளன. அயலார் காசைக் கண்டு கற்ற கை, தன் மொழியில் தன் மன்னன் பெயரைப் பொறித்தது.

மிகைபடக் கூறாமை

காசைச் சரியாக இனங்காண்பதன் பயன் இங்கேதான் விளங்கும். கரூரில் ஓர் உரோமச் செப்புக்காசு கிடைத்தவுடன், அது பொன் வாணிகன் நத்தியின் கையில் புரண்ட காசு என்று சொல்லிவிட எவர்க்கும் ஆவல் எழும். அக்காசில் வெற்றித் தெய்வம் சிறைப்பட்டவனை இழுத்துச் செல்லும் காட்சி இருந்தால் அக்கூற்று தவறு. புகழூர்க் கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர்கள் கி.பி. இரண்டு, மூன்றாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவையாகக் கொள்வர். அக்காசோ நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்தது. இடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளி உள்ளது. திபேரியஸின் வெள்ளிக்காசு என்றால், அது கல்வெட்டுக்கு முந்தியது. வணிகர் குடும்பத்தில் வழிவழியாக வந்திருக்க இயலும் என்று மட்டும் சொல்லலாம். எந்தக் காசும் தன்னை வைத்திருந்தவர் எச்சமயத்தவர் என்று சொல்வதில்லை.

உறுதியாகச் சொல்லத்தக்கவை அவ்வாறு சொல்லவியலாதவற்றைவிடப் பெருமை குறைந்தவை அல்ல. மதுரைக்கு அருகேயுள்ள மாங்குளத்தில் வெள்ளறை வணிகக் குழுவினர் அமணர்க்குக் கொடை அளித்துள்ளனர். அழகர்மலைக் குகைத்தளத்தில் பொற்கொல்லன், உப்பு வாணிகன், கொழு வாணிகன், அறுவை வாணிகன் ஆகியோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. புகழூரில் பொன் வாணிகன் பெயர் உள்ளது. வணிகப் பெருவழிகளில் பொருளீட்டிய மக்கள், உடைமையே இல்லாத முனிவர்க்கு ஒரு கற்படுக்கையை அளித்து அறம் தேடினர் என்பதைக் கல் சொல்கிறது. அதே வழிகளில் எவ்வளவு செல்வம் புரண்டது என்பதைக் காசு சொல்கிறது. இரண்டையும் அதனதன் காலத்தில் வைத்துப் படித்தால், எவராலும் மறுக்கவியலாத வரலாறு கிடைக்கும். ஒன்றை மற்றொன்றின்மேல் ஏற்றினால், பொய்யாகும் பகுதியோடு மெய்யான பகுதியும் ஐயத்துக்கு உள்ளாகும்.

சட்டமும் அறமும்

மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்படின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அரசு அதனை எடுத்துக்கொள்ளும்போது உரியவர்க்குத் தொகை வழங்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடைசெய்கிறது.

சட்டம் இன்று சொல்வதை உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் அறமாக முன்னரே வகுத்துள்ளது. கள்ளாமை விரதத்துக்கு நேரும் ஐந்து பழுதுகளை அந்நூல் எண்ணிக் காட்டுகிறது: களவைத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், நாட்டின் சட்டத்தை மீறுதல், எடையிலும் அளவிலும் ஏய்த்தல், போலியை மெய்யென விற்றல். பழங்காசு வாங்குவோரும் விற்போரும் இன்று தடுமாறும் இடங்கள் ஐந்தும் இவையே. எங்கே எடுக்கப்பட்டது என்று சொல்லவியலாத காசை விலைகொடுத்து வாங்குவோர், தொல்லியல் மேடுகளை இரவில் தோண்டுவோரைத் தூண்டுகின்றனர். வாங்கியது மெய்யான காசாயின் வரலாறு இழப்புறுகிறது. போலியாயின் வாங்கியவர் இழப்புறுகிறார்.

நம் இல்லங்களில்

உரோமக் காசு எல்லார்க்கும் கிடைப்பதன்று. செப்புத் திருமேனிகளோ நம் இல்லங்கள் பலவற்றிலும் சினாலயங்களிலும் உள்ளன. அவற்றின் பீடத்தில் செய்வித்தவர் பெயரும் ஊரும் சில வேளைகளில் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். திருவிழாவுக்கு முன்னாள் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் வழக்கத்தால், தலைமுறை தலைமுறையாக அவ்வெழுத்துகள் தேய்ந்து வருகின்றன. வழிபாட்டில் உள்ள திருமேனி காட்சிப் பொருளன்று. அதற்குத் திருமஞ்சனமும் தூய்மையும் வேண்டும். ஆயினும் காசுக்குச் சொன்ன நெறிகளுள் சில அதற்கும் பொருந்தும். துலக்குமுன் பீடத்து எழுத்தைச் சாய்ந்த ஒளியில் படமெடுத்து வைக்கலாம். எழுத்துள்ள இடத்தில் புளியைத் தவிர்த்து, நீரும் மென்துணியும் மட்டும் பயன்படுத்தலாம். அபிடேகம் முடிந்ததும் இடுக்குகளில் ஈரம் தங்காமல் ஒற்றி எடுக்கலாம். வெளிர்பச்சை மாவு உதிர்ந்தால், அதனை அழுக்கென்று தேய்க்காமல், அருங்காட்சியக வல்லுநரின் அறிவுரையை நாடலாம்.

மலைக்குகைகளில் உள்ள எழுத்துகளுக்கும் இதுவே பொருந்தும். அவற்றின்மேல் வண்ணம் பூசுவோரும் பெயர் கிறுக்குவோரும் கல் உடைப்போரும் செய்வது, காசைப் புளியில் இடுவோர் செய்வதன் பெருவடிவமே. குழந்தைகளோடு ஒருமுறை புகழூருக்கும் சித்தன்னவாசலுக்கும் சென்று, கற்படுக்கையைத் தொடாமல் நின்று, அதனை அளித்தவன் பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டும் குடும்பத்தில், அந்த எழுத்துக்குக் காவலர் ஒருவர் வளர்கிறார்.

நத்தி என்னும் பொன் வாணிகன் ஈட்டிய பொன் எங்கே போயிற்று என்பது எவர்க்கும் தெரியாது. அவன் விட்டுக்கொடுத்த சிறு பகுதியால் அறுக்கப்பட்ட கல் மட்டும் இன்றும் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அக்கல்லையும், அவன் ஊரின் மணலில் கிடக்கும் காசையும், நம் இல்லத்துப் பீடத்தின் எழுத்தையும் சிதையாமல் அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பது நம் கடமை.

அறம் வாழ்க! அருகன் திருவடி வாழ்க!